பதினேழே முக்கால் வயதில் ஆயுள் தண்டனை: நெல்லைப் பக்கத்து வழக்கு ஒன்று

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வழக்கில் நான் பையனின் தரப்பு வக்கீல். சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலமாக வந்த வழக்கு, ஃபீஸ் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனாலும் தரப்பு தரப்புதான், அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள். ஊர், உறவுமுறை, ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரம் எதுவும் இதில் உள்ளபடி இல்லை. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு அதை அனுமதிக்காது, அனுமதித்தாலும் நான் எழுதமாட்டேன். தேதிகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியை மட்டும் மாற்றவில்லை, ஏனென்றால் வழக்கே அந்த இடைவெளியில்தான் தொங்குகிறது.

2023 மார்ச் 10. பிசான அறுப்பு முடிந்து ரோட்டோரமெல்லாம் வைக்கோல் காய்ந்துகொண்டிருந்த நேரம், தாமிரபரணிக் கரையோரத்தில் ஒரு கிராமம். கோயில் கொடைக்கு வைத்த ஃப்ளெக்ஸை யாரோ கிழித்ததில் தொடங்கி, டீக்கடையில் தாயைச் சொல்லித் திட்டியதில் வளர்ந்து, இரண்டு தெருவுக்கு நடுவே மூன்று வருடமாகப் புகைந்துகொண்டிருந்த பகை. அன்று சாயங்காலம் ஆறரை மணிக்கு வாய்க்கால் பாலத்தில் பைக்கை மறித்து ஒருவரை வெட்டிக் கொன்றார்கள். அவருக்கு 41 வயது, டிராக்டர் ஓட்டுகிறவர், இரண்டு பெண் பிள்ளைகள். ஃப்ளெக்ஸ் சண்டையில் அவருக்கு நேரடியாக ஒரு சம்பந்தமும் கிடையாது. அந்தத் தெருக்காரர், அவ்வளவுதான். ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் நடந்த பிரேதப் பரிசோதனையில் 9 வெட்டுக்காயம், குறைந்தது இரண்டு விதமான ஆயுதம்.

ஐந்து பேர் மேல் வழக்கு. நான்கு பேர் பெரியவர்கள்: பையனின் தாய்மாமன், மாமனின் கூட்டாளிகள் மூன்று பேர். ஐந்தாவது ஆள் என் கட்சிக்காரன். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தான். பொதுத்தேர்வு தொடங்க இன்னும் மூன்றே நாள், ஹால் டிக்கெட் வாங்கி ஆச்சியிடம் கொடுத்து வைத்திருந்தான். அம்மா சிறு வயதிலேயே போய்விட்டார், அப்பா கேரளாவில் கட்டட வேலை, வருடத்துக்கு இரண்டு முறை வருவார். வீட்டில் ஆம்பிளை என்றால் அந்த மாமன்தான்.

முதல் தகவல் அறிக்கையில் அவன் வயது "சுமார் 19" என்று இருந்தது. இந்த "சுமார்" என்ற சொல்லை நான் எத்தனை வழக்கில் பார்த்துவிட்டேன்! மீசை அரும்பிய எல்லாப் பையனுக்கும் எங்கள் பக்கம் சுமார் 19தான். 18 ஆகாத யாரையும் லாக்கப்பிலோ ஜெயிலிலோ வைக்கக் கூடாது என்று 10ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஆனாலும் வயது விஷயத்தை ஒருவர் கிளப்பி, பள்ளிக்கூடச் சான்றிதழ் வந்து, விசாரணையில் இருக்கும் சிறார்களை வைக்கும் கூர்நோக்கு இல்லத்துக்கு அவனை மாற்றி முடிப்பதற்குள் 11 நாள் ஒரு கிளைச் சிறையில் பெரியவர்களோடு இருந்துவிட்டான்.

அந்த 11 நாளைப் பற்றி அவன் என்னிடம் சொன்னது வேறு மாதிரி. அடித்தார்களா என்று கேட்டேன், இல்லை என்றான். உள்ளே போனதும் ஒருவர் "எந்த ஊரு?" என்று கேட்டிருக்கிறார். ஊரைச் சொன்னான். "எந்தத் தெரு?" தெருவையும் சொன்னான். எங்கள் ஜில்லாவில் இந்த இரண்டு கேள்விக்குப் பிறகு மூன்றாவதாக ஒன்று கேட்கத் தேவையில்லை, எல்லாம் தெரிந்துவிடும். அதற்கப்புறம் அவனுக்கு ராஜமரியாதை. பிஸ்கட் வந்தது, நல்ல சோப்பு வந்தது, படுக்க ஜன்னலோரம் இடம் கொடுத்தார்கள். "நம்ம பய" என்று தோளில் தட்டியிருக்கிறார்கள். சாதிக்கொரு நிறமாகக் கட்டுவார்களே, அவன் கையிலிருந்த அந்தக் கலர் கயிற்றை ஸ்டேஷனில் வெட்டி எடுத்துவிட்டிருந்தார்கள், கயிறு இருந்த இடத்தில் மணிக்கட்டைச் சுற்றி ஒரு விரலகலத்துக்குத் தோல் வெளுத்திருந்ததாம். கூர்நோக்கு இல்லத்தில் நான் முதன்முதலாக அவனைப் பார்த்தபோது அந்த வெளுத்த தோல் தெரியவில்லை. அதே நிறத்தில் புதுக்கயிறு, பழையதைவிடத் தடிமனாக, மூன்று முடிச்சு. உள்ளேயிருந்து கட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

வயதுச் சண்டைக்கு வருகிறேன். பள்ளிக்கூட ரெக்கார்டில் 2005 மே 20. அந்தக் கணக்குப்படி சம்பவத்தன்று அவனுக்கு 17 வயது 9 மாதம் சொச்சம். ஆனால் ஆச்சியிடம் தனியாகக் கேட்டபோது, "சுனாமி வந்து பத்தாம் நாளுல்லா பொறந்தான் எம்பேரன். வாத்தியாரு போட்டதுதான் பள்ளிக்கூடத்துத் தேதி, நாங்க என்னத்தக் கண்டோம்" என்றார். சுனாமி 2004 டிசம்பர் 26. பத்தாம் நாள் என்றால் 2005 ஜனவரி முதல் வாரம். அப்படியென்றால் பாலத்தில் நின்றபோது அவனுக்கு 18 முடிந்து இரண்டு மாதம்! வீட்டுப் பிரசவம், பஞ்சாயத்தில் பதியவில்லை. சேர்க்க வந்த பிள்ளைக்குத் தேதி தெரியாவிட்டால் மே, ஜூனில் ஒரு நாளைத் தலைமையாசிரியரே போட்டுவிடுவது நம் ஊர்களில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான். என் சொந்தப் பிறந்தநாளே அப்படி வந்ததுதான்.

94ஆம் பிரிவு வரிசையாகச் சொல்கிறது: முதலில் பள்ளிச் சான்றிதழ் அல்லது மெட்ரிகுலேஷன் சான்றிதழ், அது இல்லையென்றால் உள்ளாட்சி அமைப்பின் பிறப்புச் சான்றிதழ், இரண்டும் இல்லாவிட்டால் மட்டுமே எலும்பைப் பார்த்து வயது சொல்லும் சோதனை. போலீஸ் தரப்பு எலும்புச் சோதனை கேட்டது, சிறார் வழக்குகளைப் பார்க்கும் இளைஞர் நீதிக் குழுமம் மறுத்தது, பள்ளித் தேதி நின்றது. எந்த நாளின் வயதைக் கணக்கில் எடுப்பது என்பதில் இப்போது குழப்பம் இல்லை, குற்றம் நடந்த நாள்தான் என்று 2005இலேயே உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. ஆக பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று ஒரு வாத்தியார் அவசரத்தில் எழுதிய தேதிதான் இவனைச் சிறுவனாக்கியது. அதில் எனக்கு வெட்கமில்லை, சட்டம் சொன்ன வரிசையைத்தான் நான் கேட்டேன். ஆனால் 18 என்ற கோடு எவ்வளவு மெல்லியது என்று ஆச்சி சொன்ன அன்றுதான் எனக்கே உறைத்தது.

சரி, சிறுவன் என்று ஆகிவிட்டால் மூன்று வருடத்தில் முடிந்துவிடுமா? முடியாது. இங்கேதான் பலருக்கும் தெரியாத விஷயம் இருக்கிறது. 2012 டிசம்பர் டெல்லி சம்பவத்தில் 18 நிரம்பாத ஒருவனுக்கு மூன்று வருடம் மட்டுமே தண்டனை கிடைத்து, அவன் 2015 டிசம்பரில் வெளியே வந்ததும் நாடே கொந்தளித்து, அந்தச் சூட்டிலேயே இப்போதைய இளைஞர் நீதிச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி 2016 ஜனவரி 15இல் அமலுக்கு வந்தது. அதன்படி 16 முதல் 18 வயதுக்குள் இருப்பவர் குறைந்தபட்சம் ஏழு வருடத் தண்டனை உள்ள கொடூரக் குற்றம் செய்ததாகக் குற்றச்சாட்டு வந்தால், இளைஞர் நீதிக் குழுமம் முதல்கட்ட மதிப்பீடு செய்து, பெரியவரைப்போல விசாரிக்கலாம் என்று குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். அங்கே ஆயுள் தண்டனையும் கொடுக்கலாம். 21ஆம் பிரிவு தடுப்பது மரண தண்டனையையும், விடுதலைக்கே வழியில்லாத ஆயுளையும் மட்டும்தான். விடுதலைக்கு வழியுள்ள ஆயுள் என்றாலும், கொலை வழக்கில் சாதாரணமாக 14 வருடம் உள்ளே இருந்த பிறகுதான் முன்விடுதலை பற்றிப் பேசவே முடியும்.

மாமன் இதெல்லாம் தெரிந்துகொள்ளவில்லை. சம்பவத்துக்கு முந்தின ராத்திரி அவர் பையனிடம் சொன்னது இது: "நீ மேஜராகலல்லா, மூணு வருசம்ல, கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள வந்துருவ." மாமனுக்குத் தெரிந்த சட்டம் 2015க்கு முந்தையது. தண்டனையைக் கூட்டினால் பையன்கள் பயந்து அருவாளைக் கீழே போடுவார்கள் என்று அன்று டெல்லியில் பேசினார்களே, அந்தப் பயம் ஏழு வருடம் கழித்தும் எங்கள் வாய்க்கால் பாலம்வரை வந்து சேரவில்லை. சேர்ந்திருந்தாலும் மாமன் என்ன செய்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்? உள்ளே போகப்போவது அவர் இல்லையே.

ஆளைப் பிடித்த மறுநாளிலிருந்து பையன் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். "முன்விரோதம் காரணமாக நானே தனியாக வெட்டினேன்." ஸ்டேஷனில் அதே வாக்கியம், குழுமத்தில் அதே வாக்கியம், மனநல ஆலோசகரிடம் அதே, என்னிடமும் அதே. எங்கள் ஊர்ப் பையன் எவனாவது "முன்விரோதம் காரணமாக" என்று பேசுவானா? கோபம் வந்தால் "அவிய ரொம்பத்தாம் ஆடுதாவ" என்பான். கேஸ் கட்டில் மட்டும் வாழ்கிற சொல் அது, யாரோ எழுதிக்கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்த சொல். ஒன்பது காயம், இரண்டு விதமான ஆயுதம், பிறகு எப்படித் தனியாக? நாலாவது சந்திப்பில்தான் கொஞ்சம் கொஞ்சமாக வாயைத் திறந்தான். முதல் வெட்டு அவனுடையதுதான். அதை அவன் மறுக்கவில்லை, நானும் இங்கே மறைக்கவில்லை. "பின்னாலேருந்து மாமா போடு போடுன்னாவ சார், போட்டுட்டேன். அப்புறம் கை ஆடிக்கிட்டே இருந்துச்சு, பாலத்துச் செவத்துல ஒக்காந்துட்டேன்." மிச்சத்தைப் பெரியவர்கள் செய்திருக்கிறார்கள்.

முதல்கட்ட மதிப்பீடு என்பது 15ஆம் பிரிவுப்படி மூன்று விஷயத்தைப் பார்ப்பது: குற்றத்தைச் செய்யும் உடல், மனத் திறன் இருந்ததா, விளைவைப் புரிந்துகொள்ளும் திறன் இருந்ததா, எந்தச் சூழ்நிலையில் நடந்தது. குருகிராம் பள்ளிக்கூட வழக்கில் 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இதைப் பற்றி விரிவாகவே பேசியது. குழுமத்தில் குழந்தை உளவியலோ மனநல மருத்துவமோ படித்தவர் இல்லையென்றால் நிபுணர் உதவியைக் கட்டாயம் பெற வேண்டும், விளைவு என்றால் இறந்தவரின் குடும்பத்துக்கும் தனக்கும் பின்னாளில் வரப்போவதையும் சேர்த்துத்தான் என்றெல்லாம் சொன்னது. காகிதத்தில் அருமை. எங்கள் வழக்கில் நிபுணர் அவனோடு உட்கார்ந்தது 40 நிமிடம், அறிக்கை மூன்று பக்கம். உடல் திறன்: கபடி ஆடுகிறார். ஐக்யூ: இயல்பான அளவு. சூழ்நிலைக்கு ஒரே வரி, "உறவினர்களுடன் சேர்ந்து செயல்பட்டுள்ளார்." விளைவைப் புரிந்துகொண்டாரா என்ற இடத்தில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? "முன்விரோதம் காரணமாகத் தானே தனியாகச் செய்ததாகத் தெளிவாகக் கூறுகிறார், எனவே புரிதல் உள்ளது." மாமன் மனப்பாடம் பண்ணிக் கொடுத்த வாக்கியமே பையனின் முதிர்ச்சிக்குச் சாட்சியாகிவிட்டது. பக்கத்து வரியிலேயே "சேர்ந்து செயல்பட்டுள்ளார்" என்றும் இருப்பதை யாரும் கண்டுகொள்ளவில்லை. மேல்முறையீடு செய்தோம், தோற்றோம்.

2025இல் தீர்ப்பு. பெரியவர்களின் வழக்கு தனியாக நடந்தது. மாமனுக்கும் இரண்டு பேருக்கும் ஆயுள், ஒருவர் விடுதலை. பையனுக்கும் குழந்தைகள் நீதிமன்றத்தில் ஆயுள், விடுதலைக்கு வழியுடன். குழந்தையைச் சட்டவிரோதக் காரியத்துக்குப் பயன்படுத்தும் பெரியவருக்கு ஏழு வருடம்வரை கடுங்காவலும் ஐந்து லட்சம் அபராதமும் என்று 83ஆம் பிரிவு இருக்கிறதே, அதைக் குற்றப்பத்திரிகையில் தேடினேன், இல்லை. நான் பார்த்த எந்த நெல்லை வழக்கிலும் அதைப் பார்த்ததில்லை. 2024 ஜூலையிலிருந்து அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 95ஆம் பிரிவு இன்னும் கடுமையானது, பிள்ளையை வைத்துச் செய்தாலும் தானே செய்ததுபோலத் தண்டனை என்கிறது. யாராவது அதை எழுதிப் பார்க்க வேண்டும்.

தீர்ப்பன்று வராண்டாவில் இறந்தவரின் மனைவி என்னை நிறுத்தினார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "வக்கீலய்யா, பதினேழு வயசுக்காரன் கையில இருந்தா அருவா மழுங்கியா போவும்? எம்மக்களுக்கு அப்பன் பாதிதான் செத்தானா?" என்று கேட்டார். சின்னவள் அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு என் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கும்பிட்டுவிட்டு நின்றேன், வேறொன்றும் வரவில்லை. மூன்று வருடம் போதுமா என்று அவர் கேட்டிருந்தால் எனக்கும் போதாது என்றுதான் தோன்றுகிறது, அதை இந்தப் பக்கம் வாதாடுகிறவனாக இருந்துகொண்டே சொல்கிறேன். ஆனால் அதற்கு மாற்றாக நம் கையில் இருப்பது பெரியவர்கள் ஜெயில் என்றால், அந்த ஜெயில் என்ன என்பதையும் பார்க்க வேண்டுமல்லவா.

பாளையங்கோட்டை மத்திய சிறையில் சாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்து வைப்பது ஊரறிந்த கதை. மோதல் வராமல் இருக்கத்தான் என்பார்கள். சிறைகளில் சாதிப் பாகுபாடு பற்றி 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பில் பாளையின் பெயரே வருகிறது, ஒழுங்கைக் காப்பதற்காக என்று சொல்லி இப்படிப் பிரிப்பதை ஏற்க முடியாது என்று அது சொன்னது. பிரித்து வைத்துமே என்ன கண்டோம்? 2021 ஏப்ரலில் அதே சிறைக்குள் ஒரு விசாரணைக் கைதியைச் சக கைதிகள் அடித்துக் கொன்றார்கள். வெளியிலும் நிலைமை ஒன்றும் வாழவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர்களே சக மாணவனின் வீடு புகுந்து வெட்டினார்கள், 2025 ஏப்ரலில் பாளையில் எட்டாம் வகுப்புப் பையன் வகுப்புக்குள் அருவாள் கொண்டுபோனான். நாங்குநேரிக்குப் பிறகு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் கலர் கயிறைத் தடை செய்யச் சொன்னது. பள்ளிக்கூடத்தில் அவிழ்க்கச் சொல்கிற கயிற்றைத்தான் என் கட்சிக்காரனுக்கு ஜெயிலில் மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டி அனுப்பினார்கள், அதுவும் வெறும் 11 நாளில். 14 வருடம் என்றால்?

சிறார் இல்லங்கள் மட்டும் சொர்க்கமா என்று கேட்பீர்கள். இல்லை. 2022 டிசம்பர் கடைசியில் செங்கல்பட்டில் ஒரு 17 வயதுப் பையன் அரசு இல்லத்துக்குள் அடிபட்டுச் செத்தான், ஊழியர்களே கைதானார்கள். ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. இல்லத்தில் அவனுக்குத் தனிப் பராமரிப்புத் திட்டம் போட்டாக வேண்டும், நன்னடத்தை அலுவலர் வருடா வருடம் அறிக்கை தந்தாக வேண்டும், அது ஒழுங்காக நடக்கவில்லை என்றால் நான் மனுப் போட ஒரு பிரிவு இருக்கிறது. ஜெயிலில் அவன் ஒரு நம்பர்.

இதே கேள்வியை அமெரிக்கா ரொம்ப காலமாக உருட்டிக்கொண்டிருக்கிறது. 18க்குக் கீழ் செய்த குற்றத்துக்கு மரண தண்டனை கூடாது என்று 2005இலும், கொலையல்லாத குற்றத்துக்கு வெளியே வரவே முடியாத ஆயுள் கூடாது என்று 2010இலும், கொலை என்றாலும் அந்த ஆயுளைக் கட்டாயமாக்கக் கூடாது என்று 2012இலும் அவர்கள் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஹென்றி மாண்ட்கோமரி என்பவர் 1963இல் 17 வயதில் லூசியானாவில் ஒரு காவல் அதிகாரியைச் சுட்டுக் கொன்று உள்ளே போனவர். 2012 தீர்ப்பு பழைய வழக்குகளுக்கும் பொருந்தும் என்று 2016இல் அவர் பெயரிலான வழக்கில்தான் தீர்ப்பு வந்தது, அதற்கப்புறமும் ஐந்து வருடம் காத்திருந்து 2021இல் 75 வயதில் வெளியே வந்தார். நம்மிடமும் இதற்குச் சளைக்காத கதை இருக்கிறது. 1994இல் புனேயில் நடந்த கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்றவர் சம்பவத்தின்போது 12 வயதுப் பிள்ளை என்று 2023 மார்ச்சில்தான் உச்ச நீதிமன்றம் கண்டுபிடித்து விடுவித்தது, அதற்குள் 28 வருடம் உள்ளே போயிருந்தது. பள்ளிக்கூட ரெக்கார்டுதான் அங்கேயும்.

இப்போது வழக்கு நிற்கும் இடம். 2026 மே 20 அன்று, பள்ளித் தேதிப்படி, அவனுக்கு 21. அதுவரை வேறு மாவட்டத்தில், சட்டம் "பாதுகாப்பு இடம்" என்று சொல்கிற, ஜெயில் அல்லாத ஒரு தனி இடத்தில் இருப்பான். 21 ஆனதும் 20ஆம் பிரிவுப்படி நீதிமன்றம் மதிப்பிடும்: திருந்தியிருக்கிறான் என்று பட்டால் நிபந்தனையோடு, கண்காணிப்போடு வெளியே விடலாம், படவில்லை என்றால் மிச்சத்தை ஜெயிலில் கழிக்க வேண்டும். நடுவழி கிடையாது. ஒரு பக்கம் வீடு, இன்னொரு பக்கம் குறைந்தது இன்னும் பத்துப் பதினொரு வருடம், அதை ஒரே மதிப்பீட்டில் வைத்துத் தீர்மானிக்கிறோம். 25 வயதுவரை அந்தத் தனி இடத்திலேயே வைத்து, வருடா வருடம் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுகிற மாதிரி சட்டம் இருந்தால் அந்த அம்மாவிடமும் என்னால் ஏதாவது பேசியிருக்க முடியும்.

இதில் இன்னொன்று. மாமன் இப்போது மத்திய சிறையில். பையனை அங்கே மாற்றினால் ஊரைக் கேட்பார்கள், தெருவைக் கேட்பார்கள், கேட்டுவிட்டு எந்த பிளாக்கில் போடுவார்கள் என்று எனக்குத் தெரியும். 17 வயதில் எந்த ஆள் பின்னால் நின்று "போடு" என்றாரோ அதே ஆளோடு 31, 32 வயதுவரை ஒரே கூரைக்குக் கீழ் வைத்துவிட்டு, பிறகு திருந்தினானா என்று கேட்கப்போகிறோம். இந்தப் பத்தியை அப்படியே என் எழுத்துப்பூர்வ வாதத்தில் சேர்த்திருக்கிறேன், கூரையை மட்டும் எடுத்துவிட்டேன்.

போன வாரம் அவனைப் பார்த்தேன். பிளஸ் டூவை உள்ளேயிருந்தே எழுதிப் பாஸ் பண்ணிவிட்டான், இப்போது எலக்ட்ரிகல் வேலை பழகுகிறான், விரலெல்லாம் இன்சுலேஷன் டேப் பிசுபிசுப்பு. கையில் கயிறு இல்லை. அவிழ்த்தானா, அவிழ்க்க வைத்தார்களா என்று கேட்க நினைத்துக் கேட்காமல் வந்துவிட்டேன். மதிப்பீட்டில் அதை யாராவது கேட்பார்கள், அவன் சொந்த வார்த்தையில் பதில் சொல்லட்டும்.

ஆச்சி நேற்று போன் பண்ணினார். "தம்பி, அன்னைக்கு நான் அவன பாத்துட்டு வரதுக்கு வரணுமா, கூட்டிட்டு வரதுக்கு வரணுமா? கூட்டிட்டு வரதுன்னா சட்ட எடுக்கணும், பழைய சட்டையெல்லாம் சின்னதாப் போயிருக்கும்லா."

காலை பத்து மணிக்குள் கோர்ட்டுக்கு வந்துவிடுங்கள், ஆதார் அட்டையை மறந்துவிடாதீர்கள் என்றேன்.